பென்சில் கட்டித் தொங்கவிட்ட காலண்டருக்கு

அன்புள்ள மாதக் காலண்டரே,

உன்மேல் எழுதியிருக்கிறோமே தவிர, உனக்கென்று யாரும் இதுவரை எழுதியதில்லை. மார்டள்ளியில் எங்கள் மளிகைக் கடைச் சுவரில், உப்பு மூட்டைக்கு மேலே, ஒற்றை ஆணியில் நீ தொங்கினாய். தலையில் தகரப் பட்டை. அதன்கீழ் ஒரு வருஷம் லட்சுமி, ஒரு வருஷம் குழந்தை இயேசு. அடியில் உன்னை இனாமாகக் கொடுத்த கடையின் பெயர். பக்கத்தில் ஒரு சணல் கயிறு, அதன் முனையில் ஒரு துண்டுப் பென்சில். அந்தப் பென்சில் அம்மாவுடையது. கணக்குப் போட யாராவது அதை எடுக்கப் போனால், "அத விடுங்கண்ணா, இந்தாங்க பேனா" என்று மறித்துவிடுவாள்.

காலண்டரே, மைசூரில் எந்த மண்டபத்தில் கச்சேரி, எந்த அரங்கில் நாடகம், எங்கே உணவு மேளா என்று சொல்லப் பத்திரிகைகள் இருந்தன. எங்கள் பக்கத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. தமிழ்ப் பத்திரிகைக்கு நாங்கள் எல்லைக்கு அப்பால் இருந்தோம். கன்னடப் பத்திரிகைக்குக் காட்டுக்கு அப்பால். 'இந்த மாதம் எங்கே என்ன' என்று எங்களுக்குச் சொன்ன ஒரே ஆள் நீதான். நீ அச்சடித்து வந்தது பாதி, அம்மா பென்சிலால் நிரப்பியது மீதி. "கூத்து, நாலு ரோடு." "தேர்." "சந்தை இல்லை." "பால் 1½." உன் ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதற்குள் ஒரு வட்டாரமே கூடியிருந்தது.

காலண்டரே, நீ ஒருத்தி இல்லை, இரட்டை. மேட்டூர் நகைக்கடை கொடுத்த தமிழ்க்காரி ஒருத்தி, கொள்ளேகால் மொத்த வியாபாரி கொடுத்த கன்னடக்காரி ஒருத்தி. இருவரும் ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கினீர்கள். யார் மேலே என்பதில் அம்மாவுக்குப் பாரபட்சம் கிடையாது. மாதாமாதம் மாற்றிப் போடுவாள். அவளுக்குக் கன்னட எழுத்து தெரியாது. அதை வாசித்துச் சொல்வது என் வேலை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய மார்க்கைவிட, "பாப்பா, கீழ இருக்கறவ என்ன சொல்றா பாரு" என்று அவள் கேட்ட கேள்விக்காகத்தான் நான் கன்னடம் ஒழுங்காகப் படித்தேன். அந்தக் கடன் உன் கணக்கில்தான் இருக்கிறது.

காலண்டரே, உங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாத விஷயங்கள் நிறைய. தமிழ்க்காரி சூரியனைப் பார்த்து மாதம் எண்ணுவாள். கன்னடக்காரி அமாவாசைக்கு மறுநாளில் புது மாதம் தொடங்குவாள். ஒருத்திக்கு யுகாதியில் வருஷம் பிறக்கும், மற்றவளுக்குச் சித்திரை ஒன்றில். இதனால் கடைக்கு லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. ஜூன் கடைசியிலோ ஜூலை முதலிலோ ஆஷாடம் வந்துவிடும்; கன்னட வீடுகளில் கல்யாணம் நின்றுவிடும். மைசூர்ச் சாமுண்டி மலையில் ஆஷாட வெள்ளிக்குக் கூட்டம் அலைமோதும், எங்கள் கடையில் ஈ ஓட்டுவோம். அது முடிவதற்குள் ஜூலை நடுவில் தமிழ்க்காரியின் ஆடி பிறந்துவிடும். தமிழ் வீடுகளில் கல்யாணம் நின்றுவிடும். ஒன்றரை மாதத்துக்கு மேல் வெல்லம் பாகாக உருகிக்கொண்டு மூலையில் கிடக்கும். வேதக்காரர்களை, அதாவது கிறிஸ்தவர்களான எங்கள் ஆட்களை, நம்பலாம் என்றால், அவர்களிலேயே பலர் ஆடியில் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள். தவக்காலத்தில் வைப்பதோ எங்களுக்கு வழக்கமில்லை. "மூணு பேரும் சேந்து நம்ம வயித்துல அடிக்கறாங்க" என்று அம்மா உன்னைப் பார்த்துத்தான் திட்டுவாள். திட்டிக்கொண்டே பென்சிலை எடுத்து, ஆடிக் கூழுக்குக் கேழ்வரகு எத்தனை மூட்டை என்று குறிப்பாள்.

காலண்டரே, நீங்கள் ஒத்துப்போன நாள் ஒன்று எனக்கு மறக்காது. ஆடி அமாவாசை. மேட்டூர்க்காரி அதே பெயரைத்தான் போட்டிருந்தாள்: முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விடும் நாள். கொள்ளேகால்காரி அந்தக் கட்டத்தில் 'பீமன அமாவாசை' என்றாள்: கணவன் நீடூழி வாழப் பெண்கள் பூஜை செய்யும் நாள். அன்று காலை கடைக்கு வந்த ஒருவர் இறந்துபோன அப்பாவுக்காகக் கறுப்பு எள் வாங்கினார். அவர் பின்னால் நின்ற பெண் உயிரோடிருக்கும் புருஷனுக்காக மஞ்சளும் கற்பூரமும் வாங்கினாள். ஒரே தராசில்தான் இரண்டையும் அம்மா நிறுத்தாள்.

காலண்டரே, நாங்கள் யார் என்று கேட்பவர்களுக்கு நான் உன் தேதிகளைத்தான் காட்டியிருக்கிறேன். 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா சென்னை ராஜ்யத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்றைக்கு அது மைசூர் ராஜ்யத்துக்குப் போயிற்று. 1973இல் அந்த ராஜ்யத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. 1997இல் எங்களை மைசூர் மாவட்டத்திலிருந்து பிரித்துச் சாமராஜநகரில் சேர்த்தார்கள். தாத்தா பிறந்தது கோயம்புத்தூர் மாவட்டத்தில், அம்மாவும் நானும் பிறந்தது மைசூர் மாவட்டத்தில், என் தம்பி மகன் பிறந்தது சாமராஜநகர் மாவட்டத்தில். எல்லாரும் பிறந்தது ஒரே திண்ணை வீட்டில்தான். நவம்பர் 1 கொள்ளேகால்காரியிடம் ராஜ்யோத்சவம். கொடியும் பாட்டுமாக இருக்கும். எங்கள் கோவிலில் அன்று அனைத்துப் புனிதர் திருநாள். மறுநாள் கல்லறைத் திருநாள். கொடிக்குக் கயிறும் கல்லறைக்கு மெழுகுவத்தியும் ஒரே வாரத்தில் விற்றுத் தீரும்.

காலண்டரே, சாப்பாட்டை நான் அடுப்பங்கரையில் படிக்கவில்லை; உன்னிடம் படித்தேன். தை பிறக்கும் முன்பே அம்மா எழுதிவிடுவாள்: "வெள்ளை எள், கொப்பரை, பொட்டுக்கடலை, நிலக்கடலை, அச்சு வெல்லம்." அது கன்னட வீடுகளின் எள்ளு-பெல்லத்துக்கு. எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிக் கலந்து, சர்க்கரை அச்சும் கரும்புத் துண்டும் வைத்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். எங்களுக்கும் வரும். வந்த தட்டு வெறுமனே திரும்பக் கூடாது என்று அம்மா அதில் பொங்கல் வைத்து அனுப்புவாள். அதே சமயம் அவரைக்காய் மலிந்து கிடக்கும். பயற்றை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் நீக்கி, பிதுக்குப் பருப்புக் குழம்பு வைத்துக் கேழ்வரகுக் களியோடு தின்போம். பிதுக்கும்போது பருப்பு விரலிலிருந்து தெறித்துத் திண்ணைக்கு அடியில் ஓடும். அதைத் தேடி எடுப்பது சின்னப் பிள்ளைகளின் வேலை.

யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும் வேண்டும். அதைவிட முக்கியம் மறுநாள். ஹொசதொடக்கு என்று மைசூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு கறி கொதிக்கும் நாள் அது. காலண்டரே, அந்தக் கட்டம் உன் அச்சில் காலியாகத்தான் இருக்கும். அம்மா அதில் "மிளகாய், தனியா, பட்டை, கிராம்பு" என்று நெருக்கி எழுதியிருப்பாள். ரம்ஜானுக்குச் சேமியா. ஆயுத பூஜைக்குப் பொரி. கிறிஸ்துமஸுக்கு மைதா, டால்டா, சர்க்கரை. அந்த வாரம் முழுக்க ஊரே கலகலாவும் அச்சுமுறுக்கும் சுட்டு எண்ணெய் வாசத்தில் மிதக்கும். ஒரு சாதிக்கு, ஒரு சாமிக்கு என்றில்லாமல் எல்லார் வீட்டு விசேஷமும் எங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. வியாபாரப் புத்திதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தப் புத்தியினால்தான், அடுத்த வீட்டில் என்றைக்கு விரதம், என்றைக்கு விருந்து என்பது பத்து வயதில் எனக்கு மனப்பாடம்.

காலண்டரே, உன் கறுப்பு வட்டங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அமாவாசை என்றால் எங்கள் பக்கம் மாதேஸ்வரன் மலைக்குப் போகும் கூட்டம். மைசூர், மண்டியாவிலிருந்து இப்படி வருவார்கள். சேலம், மேட்டூரிலிருந்து பாலாறு வழியாக அப்படி வருவார்கள். மாதப்பாவைக் கும்பிடுவதற்கு மொழி எல்லை கிடையாது. கடை வாசலில் தண்ணீர் கேட்டு நின்ற கம்சாளேக்காரர் ஒருவர், அம்மா கொடுத்த மோருக்குப் பதிலாக அங்கேயே ஆடிக் காட்டினார். இடக்கையில் கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம். வலக்கையில் குஞ்சம் கட்டிய தட்டையான தாளம். அந்தத் தட்டைத் தாளத்தைக் கயிற்றோடு தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னே, காலுக்கு அடியே சுழற்றிச் சுழற்றி, திரும்பி வரும் நொடியில் கிண்ணத்தில் மோதவிட்டார். ஒரு மோதல்கூடத் தப்பவில்லை. உப்பு மூட்டைமேல் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தக் காற்று முகத்தில் பட்டது. பின்னாளில் நகரத்து மேடைகளில் விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஆடிய கம்சாளேயையும் பார்த்தேன். எனக்கென்னவோ மோர் குடித்துவிட்டு ஆடியவர்தான் உசத்தி.

காலண்டரே, வெள்ளை வட்டங்களில் ஒன்றுதான் சிக்கல்லூர். ஜனவரிப் பௌர்ணமியில் சந்திரமண்டலத்தைக் கொளுத்தித் தொடங்கும் சித்தப்பாஜி ஜாத்திரை, ஐந்து நாள். மண்டேஸ்வாமி, சித்தப்பாஜி கதைகளை நீலகாரர்கள் தம்பூரி மீட்டி விடிய விடியப் பாடுவார்கள். நாலாம் நாள் பந்தி சேவை. குடும்பம் குடும்பமாக வந்து அங்கேயே அடுப்பு மூட்டி, கறி சமைத்து, யார் என்ன சாதி என்று கேட்காமல் சேர்ந்து உட்கார்ந்து தின்பார்கள். ஆடு வெட்டுவது பற்றி அதிகாரிகளுக்கும் பக்தர்களுக்கும் வருஷா வருஷம் இழுபறி. அம்மாவுக்கு அந்த வழக்கெல்லாம் தெரியாது. "மிளகாய் 20 கிலோ, பூண்டு" என்று எழுதிவிட்டு, பக்கத்தில் ஒரு சின்ன நிலா வரைவாள். படம் என்று அவள் வரைந்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

காலண்டரே, கூத்து எழுதிய கட்டங்களில் பென்சில் அழுத்தமாகப் பதிந்திருக்கும். மேட்டூர்ப் பக்கத்திலிருந்து கூத்தாடிகள் வருவார்கள். அர்ச்சுனன் தபசு நாளில் அம்மா கடையைச் சாயங்காலமே சாத்திவிடுவாள். கூத்து பார்க்கப் போகும் வேதக்காரி என்று யாராவது கேலி செய்தால், "அங்க அவன் மரத்து மேல ஏறுறான், இங்க இவரு சிலுவை மேல ஏறுறாரு. கண்ணுல தண்ணி ரெண்டுக்கும்தான் வருது" என்பாள். விடிகாலையில், தபசு மரத்தின் உச்சியில் நின்று அர்ச்சுனன் கீழே வீசும் எலுமிச்சம்பழத்துக்குப் பெண்கள் மடியேந்துவார்கள். அம்மாவும் ஒரு தடவை ஏந்தினாள். விழவில்லை.

காலண்டரே, அப்படிப்பட்ட கட்டங்கள் காலியாகிப்போன வருஷங்களும் உன்னிடம் உண்டு. 1993 ஏப்ரல் 9ஐ நீ சிவப்பில் அச்சடித்திருந்தாய்: புனித வெள்ளி. அன்றைக்குத்தான் பாலாற்றுப் பக்கம் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். மதியம் சிலுவைப் பாதைக்கு நாங்கள் முழந்தாளிட்டபோது செய்தி ஊருக்குள் வந்துவிட்டிருந்தது. அதற்குப் பிறகு ராத்திரி என்பது வீட்டுக்குள் இருக்கும் நேரமாயிற்று. கூத்துக்கு ஆட்கள் வரப் பயந்தார்கள், பார்க்கப் போகவும் பயந்தார்கள். அம்மா பென்சிலைத் தூக்கிப் போடவில்லை. மாதப் பிறப்பில் உன்னைப் புரட்டி, கூத்து வழக்கமாக நடக்கும் கட்டத்தில் ஒரு புள்ளி மட்டும் வைப்பாள். எதற்கு என்று கேட்டால், "நடக்கற நாள் இது. ஞாபகத்துக்கு" என்பாள்.

காலண்டரே, 2018 டிசம்பர் 14 பற்றி உன்னிடம் மட்டும்தான் பேச முடிகிறது. பக்கத்திலுள்ள சுளவாடிக் கோவிலில் நஞ்சு கலந்த பிரசாதம் தின்று 15 பேருக்கு மேல் இறந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெயர் அந்த வாரம் மறுபடி நாடெங்கும் செய்தியில் வந்தது. தக்காளிச் சாதம். யார் வீட்டு விசேஷத்திலும் தயங்காமல் கை நீட்டிய ஊர்க்காரர்கள் நாங்கள். பல மாதங்களுக்குப் பிரசாதம் என்றால் குழந்தைகளை அம்மாமார்கள் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். அடுத்த தையில் எள்ளு-பெல்லத் தட்டு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்று, கொண்டுவந்தவள் கண்முன்னே ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

காலண்டரே, நீ சொல்லாததையும் அம்மா உன்மேல் எழுதினாள் என்பதற்கு 'திபெத்து' ஒரு சாட்சி. ஒடேயர்பாளையத்துத் திபெத்தியர்களுக்கு லோசார் என்று ஒரு புத்தாண்டு உண்டு. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வரும். மேட்டூர்க்காரிக்கும் தெரியாது, கொள்ளேகால்காரிக்கும் தெரியாது. திபெத்தியர்களில் ஒரு வாடிக்கையாளர் மைதா மொத்தமாகக் கேட்டபோதுதான் அம்மா விசாரித்து, தேதி வாங்கிக் குறித்தாள். அந்த வருஷம் அவர் கப்சே கொண்டுவந்தார். மாவை மடித்து முறுக்கி எண்ணெயில் பொரித்த பண்டம். அம்மா ஒன்றைக் கடித்துவிட்டு, "இது நம்ம கலகலாவுக்குப் பெரியப்பா மகன்" என்றாள். இமயமலைக்கு அப்பால் வீட்டை விட்டு வந்தவர்களும், எல்லைக்கோடு நகர்ந்ததால் வீட்டிலேயே வேற்றாளானவர்களும் ஒரே மைதா மூட்டையில் சந்தித்தோம்.

காலண்டரே, தசரா. உன் ஒரு தாள் முழுக்கச் சிவப்பாகும் மாதம். ஒன்பது வயதில் முதல் தடவை மைசூருக்குப் போனேன். ஹனூர், கொள்ளேகால், நரசீபுரம் வழியாக, பாதி தூரம் அம்மா மடியில், மீதி ஜன்னலில் வாந்தி. 750 கிலோ தங்க அம்பாரியை யானை சுமந்து போனதாம். எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுதான் தெரிந்தது. பொருட்காட்சியில் தின்ற டெல்லி அப்பளம் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. வளர்ந்தபின் எனக்கு அங்கேயே வேறு தசரா கிடைத்தது. உணவு மேளாவில் காட்டுப் பழங்குடியினர் மூங்கிலுக்குள் அடைத்துச் சுட்ட பிரியாணி. ராத்திரி ஏறத்தாழ ஒரு லட்சம் பல்புகள் ஒரே நொடியில் எரியும் அரண்மனை. அதன் முற்றத்தில் காசில்லாமல் உட்கார்ந்து கேட்ட கச்சேரிகள்.

ஒரு நாள் அங்கே சாமுண்டி பேரில் ஒரு கன்னடக் கிருதி பாடினார்கள். இயற்றியவர் திருநெல்வேலிச் சீமை ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் என்று பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார். நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆஸ்தான வித்வானாக இருந்து, சாமுண்டி மேல் 108 கிருதிகளைக் கன்னடத்தில் செய்த தமிழர். காலண்டரே, எனக்கு அப்போது நீதான் நினைவுக்கு வந்தாய். உப்பு மூட்டைமேல் நின்றுகொண்டு கொள்ளேகால்காரியைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிள்ளைக்கு, அந்தப் பெரிய மனிதரும் தூரத்துச் சொந்தம் போலத் தோன்றியது.

காலண்டரே, நீ பிறந்த சிவகாசியில், ஆடிப் பெருக்கு அன்று அடுத்த வருஷத்து மாதிரிகளை வெளியிடுவது வழக்கம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். இங்கே நாங்கள் ஆடியைத் திட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அங்கே உனக்குப் பேறுகாலம். அது தெரிந்திருந்தால் அம்மா கொஞ்சம் குறைவாகத் திட்டியிருப்பாள்.

காலண்டரே, கடையை மூடி நாலு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போது தெளிவாகத் தெரிகிறது; முதலில் தேடியது பென்சிலைத்தான். போன மாதம் அலமாரித் தட்டுகளைக் கழுவக் கழற்றினேன். ஒவ்வொரு தட்டிலும் உன் பழைய தாள்கள் விரித்திருந்தன. பாதியை எங்கள் பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுத் தீர்த்திருந்தோம். மிச்சம் இங்கே இருந்திருக்கிறது, எண்ணெய்க் கறையோடு. புளி டப்பா இருந்த தட்டில் 1995 ஜூலை. நான் மைசூருக்குப் படிக்கப் போன மாதம். தேதி எனக்குத் தெரியும், 12. கட்டத்தைத் துடைத்துப் பார்த்தேன். "ந. எண்ணெய் டின் 2 வந்தது" என்றிருந்தது. என்னைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. சிரிப்பு வந்தது, கொஞ்சம் கோபமும்.

அப்புறம்தான் மூலையிலிருந்த பால் கணக்கைப் பார்த்தேன். ஒன்றாம் தேதியிலிருந்து 12 வரை 1½, 1½, 1½. பதின்மூன்றிலிருந்து மாதக் கடைசிவரை 1.